கலப்பு வகுப்பில் எக்ஸ்மூருக்கு எப்போதும் கடைசி இடம்தானா?

மூர்க்காற்று

எல்லோருக்கும் வணக்கம். நாட்டுப் போனி (பிரிட்டனின் குட்டைக் குதிரை இனங்கள்) வைத்திருக்கிற நம் ஆட்கள் ஏழெட்டுப் பேராவது இங்கே இருக்கிறீர்கள் என்பதால் இதை ஆங்கிலக் குழுக்களில் போடாமல் இங்கே கொட்டுகிறேன். மூன்று நாளாக மனசு ஆறவில்லை.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தில் வடக்கு டெவன். மகளுக்கு 14 வயது. அவளிடம் இருப்பது ஒரு எக்ஸ்மூர் இனப் போனி, காயடித்த ஆண், எட்டு வயது, உயரம் 12.2 ஹேண்ட்ஸ், அதாவது 127 சென்டிமீட்டர். (புதியவர்களுக்கு: ஒரு ஹேண்ட் நான்கு அங்குலம். 12.2 என்பது பன்னிரண்டு ஹேண்டும் இரண்டு அங்குலமும், அது தசமப் புள்ளி இல்லை.) போன சனிக்கிழமை ஒரு கவுண்டி ஷோவில் சின்ன இனங்களுக்கான எம் அண்ட் எம் (மவுண்டன் அண்ட் மூர்லாண்ட், அதாவது மலை, மேட்டுநில நாட்டுப் போனிகள்) சவாரி வகுப்பில், பல இனமும் கலந்து நிற்கிற போட்டியில், இறங்கினாள். மொத்தம் ஒன்பது போனிகள். நான்கு வெல்ஷ் செக்‌ஷன் ஏ, இரண்டு செக்‌ஷன் பி, இரண்டு டார்ட்மூர், எங்களுடையது மட்டும் எக்ஸ்மூர். (வெல்ஷ் போனியை உயரமும் உடல்வாகும் பார்த்து ஏ, பி, சி, டி என்று நான்கு பிரிவாக வைப்பார்கள், அதுதான் செக்‌ஷன்.)

முதல் நான்கு இடமும் வெல்ஷுக்கே. நாங்கள் ஒன்பதாவது. தோற்றது பிரச்சினை இல்லை, நாங்கள் நிறையத் தோற்றிருக்கிறோம். ஆனால் இவள் தனிக்காட்சியில் ஒரு தப்பும் செய்யவில்லை, இரண்டாவது வந்த செக்‌ஷன் ஏ கேன்டரில், அதாவது மிதமான பாய்ச்சலில், தப்பான முன்னங்காலை முன்வைத்துக் கிளம்பி அரை வட்டம் அப்படியே ஓடியது, வேலி ஓரம் நின்ற எல்லோரும் பார்த்தோம். முடிந்ததும் நடுவர் மகளிடம் வந்து, அன்பாகத்தான் சொன்னார், இனிமையான போனி, ஆனால் நடையில் கண்ணை இழுக்கிற மாதிரி ஒன்றும் இல்லையே என்று.

வீட்டுக்கு வந்து எக்ஸ்மூர் இனத் தரநிலையை மறுபடி எடுத்துப் படித்தேன். நடை நேராகவும் சீராகவும், மிகையான கால்தூக்கல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று அதில் தெளிவாக இருக்கிறது. அப்படியென்றால் எங்கள் போனி எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருந்ததற்காகத்தான் மதிப்பெண் இழந்திருக்கிறது! இதை 14 வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

கேள்வி இதுதான். நடுவர்களுக்கு இன விருப்பம் இருக்கிறதா, அல்லது நான் தாய்ப்பாசத்தில் பேசுகிறேனா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.


வெல்ஷ்பிரியை

சகோதரி, முதலில் உங்கள் மகளுக்கு ஒரு பாராட்டு. கலப்பு வகுப்பில் எக்ஸ்மூரைக் கொண்டுபோய் நிறுத்தவே ஒரு தைரியம் வேண்டும்.

நான் செக்‌ஷன் சி வைத்திருக்கிறேன், அதனால் எதிர்க்கட்சி என்று நினைத்துக்கொண்டே படியுங்கள். ஒன்பதில் ஆறு வெல்ஷ் வந்திருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் முதல் நான்கில் வெல்ஷ் அதிகமாகத்தான் விழும். அதோடு வெல்ஷ் போனி வளர்ப்பவர்கள் எண்ணிக்கையும் அதிகம், ரிங்குக்கென்றே, அதாவது போட்டித் திடலுக்கென்றே, தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்த குடும்பங்கள் அதிகம். டயோல் ஸ்டார்லைட் என்ற சாம்பல் பொலிகுதிரை 1894இல் பிறந்தது, இன்றைக்கு நாம் பார்க்கிற செக்‌ஷன் ஏ முகத்தில் அதன் சாயல் இருக்கிறது. நூறு வருடத்துக்கு மேலாக முகம், கண், நடை என்று பார்த்துப் பார்த்துச் சேர்த்தது. எக்ஸ்மூர்க்காரர்களின் கவனம் முழுக்க வேறு, இனத்தை உயிரோடு வைத்திருப்பதே அவர்களுக்குப் பெரும்பாடாக இருந்தது. ஆக வரிசையில் வெல்ஷ் முன்னால் நிற்பதெல்லாம் பாரபட்சம் என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் தப்பான காலில் ஓடிய போனி இரண்டாவது, சுத்தமாக ஓடியது ஒன்பதாவது என்பது எனக்கும் உறுத்துகிறது.


டேல்ஸ்காரன்

அக்கா சொல்லும் எண்ணிக்கைக் கணக்கு சரி. ஆனால் மூர்க்காற்று அக்கா கேட்டது அது இல்லை என்று நினைக்கிறேன். நடுவர் வாயிலிருந்து வந்த வாக்கியத்தைப் பாருங்கள். கண்ணை இழுக்கிற மாதிரி நடை இல்லை. அந்த ஒரு வாக்கியத்தில்தான் விஷயம் முழுக்க இருக்கிறது.

தரநிலைகளை வரிசையாகப் போட்டுப் படித்தால் தெரியும். வெல்ஷ் காபுக்கு (செக்‌ஷன் சி, டி என்கிற கட்டுமஸ்தான வகை) முன்னங்கால் முட்டி மடங்கி, தோளிலிருந்து முழுக் காலும் நீண்டு, வலுவாக விழ வேண்டும். செக்‌ஷன் ஏவுக்கும் பின்முட்டி நன்றாக மடங்க வேண்டும். ஃபெல்லுக்கும் நல்ல முட்டி வேலை கேட்கிறார்கள். அடுத்த பக்கத்தைத் திருப்புங்கள். டார்ட்மூருக்கு நடை தாழ்வாக, நேராக, மிகை இல்லாமல். கானமாராவுக்குத் தேவைக்கு மேல் முட்டி தூக்கக் கூடாது, தரையைத் தழுவி முன்னேற வேண்டும். ஹைலண்டுக்கும் அதே மாதிரிதான். எக்ஸ்மூருக்கு நீங்களே சொல்லிவிட்டீர்கள். ஒரு இனத்தில் முதல் பரிசு வாங்கித்தருகிற கால்தூக்கல் பக்கத்து இனத்தில் குறை. இவற்றையெல்லாம் ஒரே புல்வெளியில் ஒரே வட்டத்தில் ஓட விட்டு யார் பளிச் என்று பார்த்தால், பளிச்சென்று இருக்கச் சொன்ன இனம்தான் ஜெயிக்கும். நடுவர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

நான் யார்க்‌ஷையரில் ஒரு டேல்ஸ் பெட்டை வைத்திருக்கிறேன். எங்களுக்கு இதே தலைவலி வேறு உருவத்தில். டேல்ஸ் 14 முதல் 14.2 ஹேண்ட்ஸ், எலும்பு கனம், பென்னைன் மலைகளில் ஈயச் சுரங்கத்துப் பாரத்தைச் சுமந்த இனம். 19ஆம் நூற்றாண்டில் கோமெட் என்ற வெல்ஷ் காப் பொலிகுதிரையின் ரத்தம் அதில் சேர்ந்தது, டிராட்டில் (துள்ளோட்டத்தில்) அந்த வேகம் இன்னும் இருக்கிறது. ஃபெல் 14க்கு மேல் போகக் கூடாது, கொஞ்சம் இலகு. இரண்டும் பெரும்பாலும் கறுப்பு, இரண்டுக்கும் காலில் பட்டு மாதிரி முடி. இரண்டையும் ஒரே வகுப்பில் போட்டால் ஒருநாள் நடுவர் என் பெட்டையைப் பார்த்துக் கனமாக இருக்கிறது என்கிறார், இன்னொரு நாள் வேறு நடுவர் பக்கத்தில் நின்ற நல்ல ஃபெல்லைப் பார்த்து எலும்பு போதாது என்கிறார். முன்னவர் டேல்ஸிடம் ஃபெல்லைத் தேடுகிறார், பின்னவர் ஃபெல்லிடம் டேல்ஸைத் தேடுகிறார்.


ரிங்கோரம்

நான் பதினோரு வருடமாக ரிங் ஸ்டூவர்டாக, அதாவது திடலில் நடுவருக்கு உதவியாளாக, நிற்கிறேன், சம்பளம் இல்லாத வேலை, மதியம் ஒரு சாப்பாட்டுச் சீட்டு கிடைக்கும். நடுவர் பக்கத்திலேயே நாள் முழுக்க நிற்பதால் கொஞ்சம் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

வெளியே நிற்பவர்களுக்கு நேரம் தெரிவதில்லை. ஒன்பது போனி என்றால் முதலில் எல்லாம் சேர்ந்து சுற்றும், நடை, டிராட், கேன்டர். அதிலேயே நடுவர் ஒரு தற்காலிக வரிசை போட்டுவிடுவார். பிறகு ஒவ்வொன்றாகத் தனிக்காட்சி. எம் அண்ட் எம்மில் நடுவர் ஏறி ஓட்டுவதில்லை, கீழே நின்று பார்ப்பதோடு சரி. சேணத்தைக் கழற்றி உடலமைப்பைப் பார்ப்பதும், கையில் பிடித்து ஓட விடுவதும் நேரம் இருந்தால் உண்டு. அடுத்த வகுப்பு வாசலில் காத்திருக்கும், ஒலிபெருக்கியில் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். அந்த அவசரத்தில் கண் தனக்குப் பழக்கமானதைத்தான் முதலில் பிடிக்கும். வெல்ஷ் பண்ணையில் வளர்ந்தவர் கண் செக்‌ஷன் ஏ தலையில் போய் நிற்கும். ஹன்டர் எனும் வேட்டைக் குதிரை ஓட்டி வந்தவர் கண் பெரிய இன வகுப்பில் கானமாராவில் நிற்கும், ஏனென்றால் அதுதான் அவருக்குத் தெரிந்த சவாரிக் குதிரை மாதிரி நீண்டு நடக்கும். ஷோ போனி உலகத்திலிருந்து வந்தவருக்கு செக்‌ஷன் பி. இதைப் பல தடவை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

எக்ஸ்மூர் எனக்குப் பிடிக்காது என்று ஒரு நடுவர்கூட என்னிடம் சொன்னதில்லை. ஆனால் எளிமையாக இருக்கிறது, சாதாரணமாக இருக்கிறது என்ற சொல்லை எக்ஸ்மூர் பற்றியும் ஷெட்லாண்ட் பற்றியும் நிறையக் கேட்டிருக்கிறேன். அந்தச் சொல் எப்போது வந்தாலும் எனக்கு வருத்தமாக இருக்கும், ஏனென்றால் அந்த எளிமைதான் அந்த இனமே.

நல்ல நடுவர்களையும் சொல்ல வேண்டும். ஒருவர், வயதானவர், சட்டைப் பையில் எல்லா இனத் தரநிலைகளையும் மடித்து வைத்திருப்பார். நாற்பது வருடம் நடுவராக இருந்தவர், ஆனாலும் எக்ஸ்மூர் வந்தால் குனிந்து வாலின் மேல்பக்கம் முடியைப் பிரித்துப் பார்ப்பார், கண்ணின் மேல் இமையைப் பார்ப்பார், மூக்கைச் சுற்றி மாவு பூசியது போன்ற நிறம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார். நம்மூரில் மாடு வாங்குகிறவர் சுழி பார்ப்பது போல அவ்வளவு நிதானம்.


மூர்க்காற்று

ரிங்கோரம் ஐயா, அந்த வால் முடியைப் பற்றி எழுதியதற்கு மிக்க நன்றி. எங்கள் நடுவர் போனியைத் தொடக்கூட இல்லை.

தெரியாதவர்களுக்காக: எக்ஸ்மூர் வால் தொடங்கும் இடத்தில் மேல்பக்கம் குட்டையான முடி விசிறி மாதிரி விரிந்திருக்கும். மழையும் பனியும் உடம்பில் இறங்காமல் வழிந்து ஓட அது ஒரு கூரை. குளிர்கால ரோமம் இரண்டு அடுக்கு, மேலே முதுகில் பனி உறைந்து கிடக்கும், கீழே தோல் காய்ந்திருக்கும், நான் கையை விட்டுப் பார்த்திருக்கிறேன். கண்ணைச் சுற்றித் தடித்த சதை விளிம்பு, இங்கே தேரைக் கண் என்பார்கள், அதுவும் தண்ணீர் இறங்காமல் இருக்கத்தான். உடம்பில் எங்கேயும் ஒரு வெள்ளைப் பொட்டுகூட இருக்கக் கூடாது. இரண்டாம் உலகப் போரின்போது இந்த எக்ஸ்மூர் மேட்டுநிலம் முழுக்க ராணுவப் பயிற்சித் திடலாகிப் போனது, போனிகளைச் சுட்டும் தின்றும் தீர்த்தது போக, போர் முடிந்தபோது சுமார் 50தான் மிச்சம் என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். அந்த ஐம்பதிலிருந்து வந்தவன் எங்கள் பையன். அவனைப் பார்த்து ஒன்றும் இல்லையே என்றால் எனக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?


கரும்புல்

ஷெட்லாண்ட் பக்கமிருந்து ஒரு சொல். 42 அங்குலத்துக்கு மேல் போகாத இனம் எங்களுடையது. ஆறு வயதுப் பிள்ளைதான் உட்கார முடியும். அதே கலப்பு வகுப்பில் செக்‌ஷன் பி மேல் பதினாறு வயதுப் பெண் வந்து நிற்பாள், பத்து வருடம் பயிற்சி எடுத்தவள். நடுவர் போனியைத்தான் பார்க்கிறேன் என்பார். ஆனால் போனியை ஓட வைப்பது மேலே இருப்பவர்தானே. இனம் இனமாகப் பிரிக்காத வரைக்கும் இது தீராது.


வெல்ஷ்பிரியை

பிரிக்கலாம், ஆனால் பிரித்தால் யார் வருவார்கள்? ஒரு சின்ன ஷோவில் எக்ஸ்மூர் வகுப்பு என்று தனியாகப் போட்டால் இரண்டு வரும், ஒன்று வரும், நடுவருக்கும் ரொசெட்டுக்கும் (பரிசு ரிப்பன்) கோப்பைக்கும் செலவு யார் கொடுப்பது? பெரிய ஷோக்களிலேயே டார்ட்மூர், எக்ஸ்மூர், ஷெட்லாண்ட் மூன்றையும் ஒரு வகுப்பாகச் சேர்த்துத்தானே தகுதிச்சுற்று நடத்தி வந்தார்கள்.

அப்புறம் இன்னொன்று. வெல்ஷ் எல்லாம் சொர்க்கம் என்று நினைக்காதீர்கள். செக்‌ஷன் சி உயரம் 13.2க்குள் இருக்க வேண்டும், டிக்கு 13.2க்கு மேல், மேல்வரம்பே இல்லை. இரண்டும் ஒரே வகுப்பில் வந்தால் நடுவர் கண் நேராக டி மேல்தான். ராயல் வெல்ஷ் பார்க்க லானெல்வெத் போயிருக்கிறீர்களா? செக்‌ஷன் டி பொலிகுதிரைகள் ரிங்கில் ஓடும்போது கூட்டம் எழுந்து நின்று கத்தும், கையில் பிடித்து ஓடுகிறவர்கள் வேர்த்து ஊற்றுவார்கள், திருவிழா மாதிரி. அங்கே சிறந்த காபுக்குத் தருகிற கோப்பை 1908இல் வேல்ஸ் இளவரசராக இருந்த ஜார்ஜ் கொடுத்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்த நடுவரிடம் என் சின்ன செக்‌ஷன் சியைக் கொண்டுபோய் நிறுத்தினால் அவர் மனதில் என்ன ஓடும் என்று எனக்குத் தெரியும்.


லாயத்து வைத்தியர்

நான் ஸ்கொட்லாந்தில் பெர்த்ஷயர் பக்கம் மிருக வைத்தியராக இருக்கிறேன். இங்கே ஹைலண்ட் போனிகள் இன்னும் மலையிலிருந்து வேட்டையாடிய மானை முதுகில் சுமந்து இறக்குகின்றன, வேலைக்கென்று இருக்கிற இனத்தை நான் கிழமைக்கு இரண்டு தரமாவது பார்க்கிறேன்.

அக்கா, நீங்கள் கோபிக்க வேண்டாம், ஒரு கேள்வி கேட்கிறேன். உங்கள் போனியின் எடை எப்படி? கழுத்து மேல்பக்கம் கையில் பிடித்தால் கெட்டியாக இருக்கிறதா? விலா எலும்பு விரலுக்குத் தட்டுப்படுகிறதா?

ஏன் கேட்கிறேன் என்றால், நாட்டுப் போனி எல்லாமே குறைந்த புல்லில் வாழப் படைத்த உடம்பு. நல்ல மேய்ச்சலில் விட்டால் கொழுத்துவிடும், பிறகு குளம்பு அழற்சி, இன்சுலின் கோளாறு. ரிங்கில் பல வருடமாகக் கொழுத்த போனியை நல்ல வளர்த்தி என்று மேலே போட்டு வந்தார்கள், அது நடுவர்களின் இன்னொரு விருப்பம், இனத்தைவிட இதுதான் என்னைக் கவலைப்படுத்துகிறது. இப்போது பல அமைப்புகள் எடை கூடிய போனியை மேலே வைக்க வேண்டாம் என்று நடுவர்களிடம் சொல்கின்றன, நிலைமை கொஞ்சம் மாறி வருகிறது. கொழுத்த எக்ஸ்மூர் தோளிலிருந்து நீட்டி நடக்க மாட்டாது, அது சீரான நடை இல்லை, சுருங்கிய நடை. இரண்டையும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத் தெரியும்.

டேல்ஸ்காரன் தம்பி சொன்ன நடை விஷயத்தில் எனக்கு முழுச் சம்மதம். ஆனால் அதோடு நிறுத்தக் கூடாது. நடுவர் எதை மேலே போடுகிறாரோ அந்தப் பொலிகுதிரைக்கு அடுத்த வருடம் பெட்டைகள் வரிசையில் நிற்கும். ஃபெல்லும் டேல்ஸும் ஏற்கனவே சின்னக் கூட்டம். ஃபெல் குட்டிகள் சில வாரத்தில் நோயெதிர்ப்பு இல்லாமல் செத்துக்கொண்டிருந்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஒரு மரபணுக் குறை, 2010இல்தான் அதைக் கண்டுபிடிக்கும் சோதனை வந்தது. இப்போது சோதனை செய்து, குறையைச் சுமக்கிற இரண்டை இணைக்காமல் தவிர்க்கிறார்கள். அந்தக் குறை ரிங்கில் தெரியாது. ஒரே மாதிரிப் பளிச் நடையைத் தேடித் தேடி நான்கைந்து பொலிகுதிரைக்குள்ளேயே இனத்தைச் சுருக்கினால் இப்படிப்பட்ட மறைந்த குறைகள் மேலே வரும். அதனால் இது ரொசெட் பிரச்சினை மட்டும் இல்லை.


மூர்க்காற்று

டாக்டர், படித்ததும் கோபம் வந்தது, மறைக்கவில்லை. பிறகு இரவு பத்து மணிக்கு டார்ச் எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்க் கழுத்தைப் பிடித்துப் பார்த்தேன். கெட்டியாகத்தான் இருக்கிறது. விலாவை அழுத்தித்தான் தேட வேண்டியிருந்தது.

சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் அன்றைக்கு முதலில் வந்த செக்‌ஷன் ஏ எங்களுடையதைவிடக் கொழுப்பு, அதை நான் இப்போதும் சொல்வேன்.


டேல்ஸ்காரன்

அக்கா, அதுவும் உண்மையாகவே இருக்கும். படம் இருந்தால் போடுங்கள், ஆனால் மற்றவர்கள் போனி இல்லாமல்.


மட்டுறுத்துநர்

ஒரு நினைவூட்டல். எந்த நடுவர், எந்த ஷோ என்று யாரும் எழுத வேண்டாம், தனிச்செய்தியில் கேட்டு வாங்கி இங்கே போடவும் வேண்டாம். இதுவரை எல்லோரும் கவனமாகவே எழுதுகிறீர்கள், நன்றி. தொடருங்கள்.


ரிங்கோரம்

மூர்க்காற்று அம்மா, உங்கள் வகுப்பில் ஒரு நடுவரா, இருவரா? கேட்கக் காரணம் இருக்கிறது. பெரிய தகுதிச்சுற்றுகளில் இருவர் இருப்பார்கள், ஒருவர் சவாரிக்கும் காட்சிக்கும், மற்றவர் உடலமைப்புக்கும் இனச்சாயலுக்கும், இருவர் மதிப்பெண்ணும் தனித்தனியாக எழுதிக் கூட்டப்படும். அங்கே எக்ஸ்மூருக்கு ஓரளவு நியாயம் கிடைப்பதைப் பார்த்திருக்கிறேன், ஏனென்றால் இரண்டாமவர் நின்று, தொட்டு, சேணம் கழற்றிப் பார்த்தே ஆக வேண்டும். ஒரே நடுவர், மதிப்பெண் தாள் கிடையாது, மனக்கணக்கில் வரிசை என்றால் முதல் பார்வைதான் முடிவு.

என்னைக் கேட்டால் வகுப்பைப் பிரிப்பதைவிட இதுதான் முதலில் மாற வேண்டும். சின்ன ஷோவானாலும் மதிப்பெண்ணை எழுதட்டும், அதில் இனச்சாயலுக்கு ஒரு தனிக் கட்டம் இருக்கட்டும். கையில் பேனாவைப் பிடித்து இந்த எக்ஸ்மூர் தன் இனத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று எழுத வேண்டி வந்தால், பக்கத்தில் நிற்கிற செக்‌ஷன் ஏவை மறந்துவிட்டு ஒரு நிமிடமாவது அந்த எக்ஸ்மூரைப் பார்த்தாக வேண்டும். நான் நிற்கிற ஒரு ஷோவில் குழுவிடம் இதை இரண்டு வருடமாகக் கேட்டு வருகிறேன். தாள் நிரப்ப நேரம் இல்லை என்கிறார்கள்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது: அட்டவணை வந்ததும் நடுவர் பெயரைப் பாருங்கள். அவர் எந்த இனச் சங்கத்தின் நடுவர் பட்டியலில் இருக்கிறார் என்று பாருங்கள், சங்கங்கள் பட்டியலை வெளியிடுகின்றன. எக்ஸ்மூர் பட்டியலிலோ டார்ட்மூர் பட்டியலிலோ இருந்தால் போங்கள். ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், யாரிடம் எங்கே என்ன இடம் கிடைத்தது என்று. இது குறுக்கு வழி இல்லை, வெல்ஷ்காரர்கள் எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள்.


வெல்ஷ்பிரியை

செய்கிறோம். என் நோட்டுக்கு ஏழு வயது.


கரும்புல்

ஆனால் இப்படி எல்லோரும் தனக்குப் பிடித்த நடுவரைத் தேடிப் போனால் எக்ஸ்மூரே பார்க்காத நடுவர் எக்ஸ்மூரைப் பார்க்காமலேயே இருந்துவிடுவார் இல்லையா? அவர் கண் எப்போது பழகும்? ஒன்பதாவது நின்றாலும் யாராவது கொண்டுபோய் நிறுத்தத்தான் வேண்டும். இதைச் சொல்லும்போது ஆறு வயது மகன் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்த நாளும் எனக்கு நினைவு வருகிறது, அதனால் யாரையும் வற்புறுத்த மாட்டேன்.


டேல்ஸ்காரன்

கரும்புல் சொன்னதோடு சேர்த்து ஒன்று. அலங்காரம். நாட்டு இனங்களை இயற்கையாகக் காட்ட வேண்டும், பிடரி, வால், கால் முடி வெட்டாமல், தலைக்கயிற்றில் வண்ணப் பட்டி இல்லாமல், ட்வீட் கோட்டோடு. வெல்ஷ் மாதிரிச் சில இனங்களுக்குக் கொஞ்சம் ஒழுங்குபடுத்த அனுமதி. ஆனால் வர வர எல்லா இனத்திலும் தாடை முடியை, காது முடியை யாருக்கும் தெரியாமல் சீவிக்கொண்டு வருகிறார்கள். சுத்தமாகச் சீவினது பக்கத்தில் சீவாத எக்ஸ்மூர் காட்டிலிருந்து பிடித்து வந்தது மாதிரித் தெரிகிறது. விதியைக் கடைப்பிடித்தவர் கீழே போகிறார். இதையும் நடுவர்கள்தான் நிறுத்த வேண்டும், ஸ்டூவர்ட் நிறுத்த முடியாது. நடுவர் ஒருநாள், ஒரு ரிங்கில், சீவியதால் கீழே வைத்தேன் என்று சத்தமாகச் சொல்லட்டும், அடுத்த வாரமே கத்தரிக்கோல் எல்லாம் பெட்டிக்குள் போய்விடும்.


மூர்க்காற்று

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். மன்னிக்கவும், வைக்கோல் வேலை.

முதலில் டாக்டருக்கு. பகலில் வெறும் மண்திடலில் அடைப்பு, இரவில் மட்டும் மேய்ச்சல், வைக்கோலை ஊறவைத்துக் கொடுக்கிறோம், மகள் தினமும் பள்ளி விட்டு வந்ததும் மேட்டில் நடத்துகிறாள். வயிற்றுச் சுற்றளவு டேப்பில் 6 சென்டிமீட்டர் குறைந்திருக்கிறது.

போன வாரம் வேறொரு ஷோ. காலையில் எக்ஸ்மூர் மட்டும் உள்ள வகுப்பு, ஏழு போனிகள், இன சங்கத்துப் பட்டியலில் இருக்கிற நடுவர். மூன்றாவது வந்தாள்! அந்த அம்மா போனியை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். தலை, கண், மூக்கு எல்லாம் அருமை, முன்கால் எலும்பு அருமை என்று சொல்லிவிட்டு, பின்னங்கால் சோம்பேறியாக இருக்கிறது, சவாரி செய்பவள் காலால் கேட்கவே இல்லை என்று மகளிடம் நேராகச் சொன்னார். மகளுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் வண்டியில் வரும்போது அவளே சொன்னாள், அம்மா அவர் எங்கள் போனியைப் பற்றித்தான் பேசினார், மற்ற போனியைப் பற்றிப் பேசவில்லை என்று. நான் ஐந்து வாரம் முன்பு சொல்ல வராமல் திணறியது இதுதான்.

மதியம் கலப்பு வகுப்பிலும் இறங்கினாள், வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. பத்துப் போனி, வேறு நடுவர், வெல்ஷ் பின்னணி உள்ளவர் என்று நோட்டுக்காரர்கள் சொன்னார்கள். ஐந்தாவது இடம். மேலே மூன்று வெல்ஷும் ஒரு டார்ட்மூரும், அந்த டார்ட்மூர் உண்மையிலேயே அழகு, எனக்கு ஒரு குறையும் இல்லை. இந்த நடுவர் எங்கள் பையன் முன்னால் நின்று, குனிந்து, வால் முடியைப் பிரித்துப் பார்த்தார். ரிங்கோரம் ஐயா, உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன்.

ஆகஸ்டில் எக்ஸ்ஃபோர்டு ஷோவுக்குப் போகிறோம், அங்கே எக்ஸ்மூர் நிறைய வரும், கூட்டத்தோடு கூட்டமாக நிற்கட்டும். அதற்கு முன்னால் ஒரு அவசரம். உடம்பு இறங்கியதில் சேணம் இப்போது தளர்ந்து பின்னால் வழுக்குகிறது. டெவன் பக்கம் அகலமான முதுகுள்ள நாட்டுப் போனிக்குச் சேணம் பொருத்தத் தெரிந்தவர் யாராவது இருந்தால் தனிச்செய்தியில் சொல்லுங்கள். போனமுறை வந்தவர் செக்‌ஷன் ஏவுக்கு வைக்கிற சேணத்து மரச்சட்டத்தைக் கொண்டுவந்தார், தோளில் பிடித்துக்கொண்டது.


லாயத்து வைத்தியர்

6 சென்டிமீட்டர் மெத்த நல்ல விஷயம் அக்கா. இனி அவசரப்பட்டுக் குறைக்க வேண்டாம், இந்த வேகமே போதும். சேணக்காரர் விபரம் டெவனில் வேலை செய்கிற என் நண்பரிடம் கேட்டு இன்று இரவு அனுப்புகிறேன்.